நான் படமெடுக்காமல் விட்ட நான்கு தேர்ப்பலகைகள்

கோயில்களில் இருக்கும் பழைய பொருள்களைப் படமெடுத்துப் பதிவு செய்யும் வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதே வேலையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். படிவத்தை எப்படி நிரப்புவது, வெளிச்சம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். நான் செய்த ஒரு தவறை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது என் கோப்பில் தவறாக எழுதப்படவே இல்லை. அதனால் ஒரு கோயில் மூன்று சிற்பங்களை இழந்தது. இன்றுவரை அவை திரும்பவில்லை.

ஆரணியிலிருந்து படவேடு போகும் வழியில் ஒரு சிவன் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பழைய இலுப்பை மரத் தேர் ஒன்று உண்டு. அதைப் பதிவு செய்ய நான் போனபோது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தேர்க் கொட்டகையின் தகரத்தைக் கழற்றிவிட்டுத் தர்மகர்த்தா தாமோதரன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவர், ஊரில் மரியாதையான மனிதர். அவரோடு குருக்கள், இன்னும் நாலைந்து ஆண்கள்.

தேரின் அடித்தட்டைச் சுற்றிச் செதுக்கிய பலகைகள். பன்றி வேட்டை, கழைக்கூத்தாடி, இரண்டு தோழிகள் தாங்கிப் பிடிக்கப் பிள்ளை பெறும் ஒரு பெண் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பின்பக்கம் போனேன். அங்கே நான்கு பலகைகள் இருந்தன. நான்கிலும் ஆணும் பெண்ணும் கூடியிருந்தார்கள்.

என் கை கேமராவிலேயே நின்றது. பின்னால் யாரோ செருமினார்கள்.

"அதெல்லாம் வேணாம் மேடம்," என்றார் தாமோதரன். "இடி விழாம இருக்கறதுக்கு அந்தக் காலத்துல வெச்சது. அதைப் போட்டோ எடுத்து இன்னா பண்ணப் போறீங்க?"

"இடிக்கு இல்லை. மனசுல இருக்கறதையெல்லாம் வெளியில விட்டுட்டு உள்ள வரணும்னு அர்த்தம்," என்றார் குருக்கள்.

"மேடத்துக்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும்?" என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

காது சூடாகிவிட்டது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதல் பலகையின் அடியில் வைத்தேன். அந்த இருவரும் ஒரு துணிமேல் இருந்தார்கள். துணியின் ஓரத்தில் ஏழு அன்னங்கள். ஆறு ஒரே பக்கம் பார்க்க, நடுவில் இருந்த ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

"பிலிம் தீர்ந்துபோச்சு," என்று சொன்னேன். ரோலில் இன்னும் ஒன்பது படம் பாக்கி இருந்தது.

படிவத்தில், 'இதர உருவங்கள்: 4. படம் இல்லை' என்று எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். என்னைக் கைப்பிடித்து வேலை கற்றுக்கொடுத்தவர். ஒரு விளக்கின் உடைந்த திரிமூக்கைக்கூட விடாமல் எழுதச் சொல்பவர்.

"இதரன்னா என்னம்மா?"

நான் கேமராப் பையின் வாரை இழுத்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது, அவருக்கும் வெட்கம். கோப்பு மேலே போனது. அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்தத் தேரைப் பழுது பார்க்கப் பிரித்தார்கள். பலகைகளைக் கழற்றி ஒரு அறையில் அடுக்கியிருந்தார்கள். சக்கர வேலை முடிந்து திரும்பப் பூட்டும்போது நான்கு குறைந்தது. எந்த நான்கு என்று சொல்லத் தேவையில்லை. சில மாதங்களில் சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் போலீசார் நான்கு பலகைகளைக் கைப்பற்றினார்கள். கடைக்காரர், அவை ஏதோ பழைய பங்களாவின் கதவில் இருந்தவை என்றார். ஓரங்களை இழைத்து, பின்பக்கத்து எண்களையும் அழித்திருந்தார்கள். பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்று அவர் ஆரணி நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

வழக்கைப் பார்த்த இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் செய்தார். குரலில் கவலையே இல்லை. "உங்க பதிவுல இருக்கிற போட்டோவை மட்டும் அனுப்புங்க மேடம். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

கோப்பை எடுத்தேன். என் கையெழுத்து. 'இதர உருவங்கள்: 4. படம் இல்லை.'

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஊருக்குப் போனேன். போலீஸ் காவலில் இருந்த பலகைகளைக் காட்டினார்கள். முதல் பலகையில் ஏழு அன்னங்கள், நடுவில் திரும்பிப் பார்க்கும் ஒன்று. நம்முடையதுதான். மற்ற மூன்றும் நம்முடையவை என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைக் காட்ட என் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஊராரைக் கேட்டேன். சின்ன வயதிலிருந்து எல்லோரும் பார்த்த பலகைகள். "தெரியும்ங்க, நல்லாத் தெரியும்," என்றார்கள். "அப்போ கோர்ட்டில் வந்து எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்," என்றால் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட வரச் சம்மதிக்கவில்லை.

தாமோதரனைப் பார்க்க அவருடைய கடைக்குப் போனேன். "போனது போவட்டும் மேடம்," என்றார். "பொம்பளைப் பிள்ளைங்க வடம் பிடிக்கிற தேரு. அந்த எடத்துல அஷ்டலட்சுமி செதுக்கி வெச்சிடலாம். நானே செய்றேன்." அவர் கெட்டவர் இல்லை. அன்று கொட்டகையில் எனக்கு வந்த வெட்கம்தான் அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு பெண் வீட்டாருக்கு முகூர்த்தப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அரக்கு நிறம், ஜரிகைக் கரை. கரையில் வரிசையாக அன்னங்கள். ஆறு முன்னால் பார்க்க, நடுவில் ஒன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது.

"இது நம்ம கடை அன்னக்கரைங்க. கல்யாணத்துக்கு இதைத்தான் கேட்டு வராங்க," என்றார் தாமோதரன், என் பார்வையைக் கவனித்து.

"யார் போட்ட டிசைன்?"

"முள்ளிப்பட்டுல குப்புசாமின்னு நம்ம கிட்ட நெய்யறவன். அவன் சம்சாரம் கிராப் போடும்."

பிற்பகல் பஸ்ஸிலேயே முள்ளிப்பட்டுக்குப் போய்விட்டேன். குப்புசாமி தறியில் இருந்தார். அவர் மனைவி வளர்மதி சுவரோரம் உட்கார்ந்து கிராப் தாளில் கட்டங்களுக்குப் பென்சிலால் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம் ஒரு இழை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் தறியில் பொருத்தும் அட்டையில் துளை குத்துவார்கள். வளர்மதிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் தறிச் சத்தம் நின்றது.

"மேடம், எங்களை விட்டுடுங்க," என்றார் குப்புசாமி. "எங்களுக்கு வேலை குடுக்கறதே அவரு கடைதான். இந்தக் கரை அந்த எடத்துலேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா கல்யாணப் பொடவைய எவன் வாங்குவான்? பொழப்பே பேஜாராயிடும். இவளை ஊரு இன்னா பேசும்?"

"அந்தக் கரைக்குப் போட்ட தாள் இருக்கிறதா?" என்று வளர்மதியைக் கேட்டேன்.

"இல்லீங்க," என்றாள். தலை நிமிரவில்லை. கட்டத்துக்கு வெளியே பென்சில் ஒரு கோடு போனது.

இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலுக்கு வந்தபோது இன்ஸ்பெக்டரின் போன். "யாராவது சிக்கினாங்களா மேடம்? பேரைச் சொல்லுங்க, ஜல்தியா சம்மன் குடுத்துடலாம்."

இந்த வேலையில் கடினமான நேரம் எது என்று கேட்டால் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன். பெயரைச் சொல்லியிருக்கலாம். சட்டப்படி சரி. ஆனால் சம்மன் வந்தால் அவள் வருவாள், தாள் வராது. போலீஸ் தெருவுக்குள் நுழையும்போதே அது அடுப்பில் போயிருக்கும். அதைவிட இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. நாலு ஆண்கள் சிரித்ததற்காக என் வேலையை விட்டு ஓடியவள் நான். நூறு பேர் முன்னால் நிற்கச் சொல்லி இவளைப் பிடித்துத் தள்ள எனக்கு என்ன யோக்கியதை?

"யாரும் இல்லை சார்," என்று சொல்லிப் போனை வைத்தேன். அதுவும் ஒரு பொய்தான். சரியா தப்பா என்று இன்றும் யோசிக்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

திரும்ப உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். கொட்டகையில் நடந்ததை அப்படியே சொன்னேன். செருமியது, சிரித்தது, பிலிம் தீர்ந்ததாகச் சொன்னது, ரோலில் ஒன்பது படம் இருந்தது. யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. வளர்மதியின் பென்சில் நின்றது. "நான் உங்கள் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சாட்சி சொல்ல வாருங்கள் என்று கேட்கவில்லை.

விசாரணை அன்று நீதிமன்ற அறை நிறைந்திருந்தது. மேசைமேல் நான்கு பலகைகளையும் வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். முதல் சாட்சி நான். படம் ஏன் இல்லை என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். பிலிம் தீர்ந்துவிட்டது என்றே பதில் சொல்லும்படி அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். தாமோதரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பிலிம் இருந்தது," என்றேன். "வெட்கப்பட்டு எடுக்காமல் விட்டேன்."

அறையில் சலசலப்பு. கடைக்காரரின் வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அப்போ நீங்க இந்தப் பலகைங்களைச் சரியாப் பார்க்கவே இல்லை?"

"ஒன்றில் ஒரு பகுதியைப் பார்த்தேன். துணியின் ஓரத்தில் ஏழு அன்னம். நடுவில் உள்ளது திரும்பிப் பார்க்கும்."

"மூணு நாள் முன்னாடி போலீஸ் காவல்ல பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"அங்க பார்த்ததை இங்க சொல்றீங்க. வேற ஒண்ணும் இல்லை யுவர் ஆனர்."

நீதிபதி எழுதிக்கொண்டார். நடுத்தர வயது, பொறுமையானவர். மரம் இலுப்பை என்று அரசு வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். எல்லாத் தேரும் இலுப்பைதானே என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். அரசு வழக்கறிஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

"சாட்சி இல்லைன்னா..." என்று நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஐயா," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வளர்மதி நின்றிருந்தாள். கையில் சுருட்டிய பிளாஸ்டிக் கவர். இரண்டடி பின்னால் குப்புசாமி, முகமெல்லாம் வேர்த்து. அவள் அந்த அன்னக்கரைப் புடவையைத்தான் கட்டியிருந்தாள், அவளுடைய கல்யாணப் புடவையை.

எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி கவரைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே மடித்த கிராப் தாள். மடிப்பின் கீழ்ப்பாதியில் வண்ணம் தீட்டிய ஏழு அன்னங்கள், ஓரத்தில் பட்டுக்கடையின் சீல், கையெழுத்து, தேதி. தேர் பிரிக்கப்படுவதற்கு ஏழு வருடம் முந்தைய தேதி. நீதிபதி மடிப்பைப் பிரித்தார். மேல்பாதியில் வெறும் பென்சில் கோட்டில் நான்கு பாதங்கள். விரல்கள் துணியில் அழுந்தி மடங்கியிருந்தன.

"இதைத் தனியா என் அறையில வேணா சொல்றியாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"இங்கியே சொல்றேங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "திருவிழாவுக்கு முன்னாடி தேரைக் கழுவத் தகரத்தை எடுப்பாங்க. அப்ப போய், பலகை மேல தாளை வெச்சு, கோடு கோடா எடுத்தேன். அன்னத்தை மட்டும் எடுக்க முடியலைங்க. காலு அதும் மேலயே இருக்குது. மடிச்சிட்டுத்தான் கடையில காட்டினேன். ஓனரு பார்த்தது கீழ்ப் பாதி மட்டும்தான்."

நீதிபதி தாமோதரனைக் கூப்பிட்டார். "இந்த சீல் உங்க கடையோடதா?"

தாமோதரன் எழுந்து போய்த் தாளைக் கையில் வாங்கினார். கீழ்ப்பாதியைப் பார்த்தார், மேல்பாதியைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பலகை கோயிலுக்கு வராது, கரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அவருடைய தேரில் அஷ்டலட்சுமி இருக்கும்.

"எங்க சீல்தாங்க," என்றார். "கையெழுத்தும் என்னுதுதான்."

கடைசி முயற்சியாக எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வளர்மதியிடம் வந்தார். "இந்தத் தாள்ல போட்டிருக்கற வருஷம் உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க. அடுத்த வருஷம்தான் ஆச்சு."

"கல்யாணம் ஆகாத பொண்ணு, இது மேல தாளை வெச்சுத் தடவித் தடவி எடுத்தேன்ற. இதை நாங்க நம்பணும். ஊருல வேற படமே கிடைக்கலையா உனக்கு?"

குப்புசாமி கண்ணை மூடிக்கொண்டார். பின் வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் காது மறுபடி சூடானது. வளர்மதி அவரைப் பார்த்தாள். கேள்வி புரியாதவள்போல இருந்தது அவள் முகம்.

"கல்யாணப் பொடவைக்குங்க," என்றாள். "வேற எங்கேருந்து எடுப்பாங்க?"

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிற்காலத்தில் இந்தச் சிற்பங்களைப் பற்றி நிறையப் படித்தேன். கூடியிருக்கும் இணை பூரணகும்பம்போல ஒரு மங்கலச் சின்னம் என்கிறார்கள். தேரின் அடித்தட்டு நம் உலகம், அதில் வேட்டையும் பிரசவமும் காமமும் இருந்தாக வேண்டும் என்கிறார்கள். தாந்திரிக வழிபாடு என்பவர் உண்டு, திருஷ்டிக்கு என்பவர் உண்டு, மனதைச் சோதிப்பதற்கு என்பவர் உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஒரே விளக்கம்தான் என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அன்று அந்த அறையில் கேட்ட பதிலைவிட நேரான ஒன்றை நான் எதிலும் படித்ததில்லை.

நீதிபதி முதல் பலகைமேல் இருந்த துணியை மட்டும் விலக்கச் சொன்னார். அதன்மேல் தாளை வைத்து, இரண்டு பேர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். அன்னத்தின்மேல் அன்னம் உட்கார்ந்தது. நான்கு பாதங்களும் நான்கு பாதங்களின்மேல் கோடு மாறாமல் விழுந்தன.

அந்தப் பலகை கோயிலுக்குச் சொந்தம் என்று உத்தரவானது. மற்ற மூன்றுக்கும் ஆதாரம் கேட்டார். ஒரே கைவேலை, ஒரே மரம் என்று அரசு வழக்கறிஞர் வாதாடினார். "பதிவுல இல்லாததை நான் எப்படிக் குடுக்கறது?" என்றார் நீதிபதி. என் படிவம் அவர் முன்னால் விரிந்து கிடந்தது. மூன்றும் பழம்பொருள் கடைக்காரருக்குத் திரும்பின. மேல்முறையீடு செய்தோம், அங்கேயும் அதே பதில்தான்.

வளர்மதிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல ஆசைதான். அன்னக்கரை நெய்ய வேண்டாம் என்று தாமோதரன் கடையில் நிறுத்திவிட்டார்கள். குப்புசாமி சில மாதம் ஒருவரிடம் பவர்லூம் ஓட்டப் போனார். தண்ணீர்க் குழாயடியில் வளர்மதியைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளும் பெண்கள் இருந்தார்கள். அடுத்த முகூர்த்தக் காலத்தில் இரண்டு பெண் வீட்டார் வந்து அந்தக் கரைதான் வேண்டும் என்று கேட்டார்களாம். தாமோதரனும் கடைக்காரர்தானே, மறுபடி நெய்யச் சொன்னார். பலகையைத் தேரின் பின்பக்கம் பழைய இடத்திலேயே பூட்டினார்கள். மற்ற மூன்று இடத்திலும் லட்சுமிகள். தாமோதரன் என்னிடம் அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அன்று பிற்பகல் நடந்தது. நீதிமன்ற வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. பழம்பொருள் கடை ஆட்கள் மூன்று பலகைகளையும் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பிடிக்கும் தூரம். பிடிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

வளர்மதி என் பக்கத்தில் வந்து நின்றாள். வேனின் கதவைச் சாத்தினார்கள். அது கிளம்பித் தெருமுனையில் திரும்பியது.

"மேடம், அன்னிக்கு அந்த ஒண்ணை எடுத்து முடிக்கும்போதே ஆள் வந்துட்டாங்க. மத்ததை நான் பாக்கவே இல்லை," என்றாள். பிறகு, டிசைன் போடுகிறவளின் சாதாரண ஆவலோடு கேட்டாள்: "அந்த மூணுலயும் துணி இருந்துச்சாங்க? அதுல இன்னா கரை?"

மூன்று நாள் முன்பு போலீஸ் காவலில் அவற்றின் முன்னால்தான் நின்றிருந்தேன். என் கேமரா பையில்தான் இருந்தது. பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். அன்னத்தைப் பார்த்ததும் நிம்மதியாகி, மற்றவற்றின்மேல் துணியை இழுத்து மூடச் சொல்லிவிட்டேன்.

"தெரியவில்லை வளர்மதி," என்றேன். "இரண்டு தடவை முன்னால் நின்றும் நான் பார்க்கவில்லை."